பிள்ளைக்குக் கூலி

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் நம்மவர் இல்லங்களில் ஒரு பேரம் நடைபெறுவதை நேயர்கள் அறிவார்கள். "கணக்கில் தொண்ணூறு வாங்கினால் இருபது வெள்ளி, தமிழில் வாங்கினால் பத்து வெள்ளி" என்று தந்தையார் விலை கூறுகிறார். "அப்படியானால் அறிவியலுக்கு எவ்வளவு, அப்பா?" என்று பிள்ளை வினவுகிறது. "போன வருஷம் அண்ணனுக்கு முப்பது கொடுத்தீர்களே" என்று தாயார் அடுக்களையிலிருந்து நியாயம் பேசுகிறார். மூவரில் ஒருவரும் தீய எண்ணமுடையவரல்லர். பிள்ளை முன்னுக்கு வரவேண்டுமென்னும் ஆவலொன்றே அப்பேரத்துக்குக் காரணம். ஆயினும் இவ்வழக்கம் தகுமா, இதனால் பிள்ளை கற்பது கணக்கையா அன்றி வேறொன்றையா என்று நின்று யோசிப்பவர் மிகச் சிலரே. அதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

கூலி என்னும் சொல்லை நாம் இழிவாகக் கூறவில்லை. பால்மரம் வெட்டியும், துறைமுகத்தில் மூட்டை சுமந்தும் இந்நாடுகளில் வேரூன்றிய சமூகம் நம்முடையது. செய்த வேலைக்குக் கூலி கேட்பது உரிமை என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இதனை எடுத்துக்காட்டியே சிலர் வாதிடுகின்றனர். "பெரியவர்கள் சம்பளமின்றி வேலைக்குப் போவதுண்டா? பிள்ளை மட்டும் ஏன் வெறுங்கையுடன் உழைக்க வேண்டும்?" என்பது அவர்கள் கேள்வி. வலுவுள்ள கேள்விதான். ஆனால் கூலி எதன்பொருட்டுக் கொடுக்கப்படுகிறது என்பதை உற்றுநோக்க வேண்டும். வெட்டிய பால் தோட்ட முதலாளிக்குச் சேர்கிறது. சுமந்த மூட்டை வணிகருக்குச் சேர்கிறது. உழைப்பின் பயன் பிறருக்குப் போவதனாலேயே அதற்கு ஈடு கேட்கிறோம். பிள்ளை போட்ட கணக்கு எவருக்குச் சேர்கிறது? அப்பிள்ளைக்கே அன்றோ! தந்தை அதற்குக் காசு கொடுக்கும்பொழுது, "இது உன் காரியமன்று, என் காரியம், எனக்காக நீ செய்கிறாய்" என்று வாய் திறவாமலே சொல்லிவிடுகிறார். இத்தகைய சொல்லாத சொற்களைப் பிள்ளைகள் பாடத்தைவிட விரைவில் கற்றுக்கொள்கின்றன. முற்கூறிய விலைப்பட்டியலையே பாருங்கள். கணக்குக்கு இருபது, தமிழுக்குப் பத்து. மேடையேறினால் தாய்மொழியின் பெருமையை முழங்கும் நாம், வீட்டில் அதற்கு அரைவிலை கூறினால், பிள்ளை இவ்விரண்டில் எதனை நம்பும்?

இவ்விஷயத்தை வெறும் ஊகத்தினால் முடிவுசெய்ய வேண்டிய நிலையில் நாம் இல்லை. ரோலண்ட் ஃபிரையர் என்னும் அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் இதனைப் பெருமளவில் சோதித்து, 2011ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். டல்லாஸ், நியூயார்க், சிகாகோ ஆகிய மூன்று நகரங்களில் 200க்கு மேற்பட்ட பள்ளிக்கூடங்கள் அச்சோதனையில் இடம்பெற்றன. சிகாகோவில் ஒன்பதாம் வகுப்பு மாணாக்கர் ஒரு பாடத்தில் 'ஏ' வாங்கினால் 50 டாலர், 'பி' வாங்கினால் 35, 'சி' வாங்கினால் 20. அதிற் பாதியைப் பள்ளிப்படிப்பு முடிந்த பின்னரே பெறலாம். நியூயார்க்கில் ஏழாம் வகுப்பினர் தேர்வொன்றுக்கு 50 டாலர் வரையிலும், ஆண்டொன்றுக்கு 500 டாலர் வரையிலும் சம்பாதிக்க வழியிருந்தது. டல்லாஸில் இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் ஒரு புத்தகத்தை வாசித்து, அதுபற்றிய வினாக்களுக்குச் சரியாக விடையளித்தால் 2 டாலர். இத்தனை பணம் கொட்டியும் பலன் யாதெனில், மூன்று நகரங்களிலும் சராசரியாகக் கண்ட முன்னேற்றம் பூஜ்யத்தினின்று பிரித்தறியத்தக்கதாக இல்லை.

காரணம் பிள்ளைகளின் சோம்பலன்று. பணத்தை அவர்கள் விரும்பவே செய்தார்கள். "இன்னும் அதிகம் சம்பாதிக்க என்ன செய்யலாம்?" என்று நியூயார்க் மாணாக்கரைக் கேட்டபொழுது, கேள்வித்தாளைக் கவனமாக வாசிப்பது போன்ற தேர்வறை உபாயங்களையே கூறினார்களாம். ஆசிரியரிடம் சென்று ஐயந்தெளிவதோ, மேலும் படிப்பதோ அவர்கள் நினைவுக்கு எளிதில் வரவில்லை. நீந்தத் தெரியாதவனிடம் அக்கரையில் பரிசு காத்திருக்கிறது என்று சொன்னால் அவன் என்செய்வான்? பின்னக் கணக்கு விளங்காத பிள்ளைக்கு ஐம்பது வெள்ளி காட்டினாலும் ஐந்நூறு வெள்ளி காட்டினாலும் பின்னம் விளங்கப்போவதில்லை. விளங்காமைக்கு மருந்து விளக்குவது ஒன்றே. அதைச் செய்யாமல் விலையை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும் பெற்றோரை நாம் கண்டிருக்கிறோம்.

இதனினும் கவலை தரத்தக்கது மற்றொரு சோதனை. மார்க் லெப்பரும் அவருடைய தோழர்களும் 1973இல் வெளியிட்டது அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் இயல்பாகவே விருப்பங்கொண்ட குழந்தைகளை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். ஒரு சாராரிடம், "படம் வரைந்தால் பொன் நட்சத்திரமும் நாடாவும் பதித்த நற்சான்றிதழ் தருவோம்" என்று முன்னரே வாக்களித்தார்கள். இன்னொரு சாராருக்கு முன்னறிவிப்பின்றி, வரைந்து முடிந்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் சாராருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, எவ்வித வாக்குறுதியுமின்றிப் பேனாக்களை அவர்கள்முன் வைத்துக் கவனித்தபொழுது, முதற் சாரார் மற்றவரைவிட ஏறத்தாழப் பாதி நேரமே படம் வரைந்தனர். சும்மா செய்து மகிழ்ந்த விளையாட்டு, பேரம் புகுந்தவுடன் வேலையாகிவிட்டது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்ற குழந்தைகளுக்கோ அவ்விருப்பம் குன்றவில்லை என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். பேரம் வேறு, பாராட்டு வேறு. நல்ல மதிப்பெண்ணோடு வந்த மகளைக் கூட்டிக்கொண்டுபோய் அவள் கேட்ட புத்தகத்தை வாங்கித் தரும் தகப்பனாரை நாம் குறைகூறவில்லை.

ஆனால், விருப்பமுள்ள குழந்தைக்கன்றோ விருப்பம் குன்றும், புத்தகத்தைக் கண்டாலே ஓடுகிறவனிடம் குன்றுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமே. அத்தகையவனுக்குத் தொடக்கத்தில் ஒரு சிறு பரிசு காட்டி உட்கார வைப்பதை நாம் பெருங்குற்றமாக்கவில்லை. மதிப்பெண்ணுக்கு விலை கூறுவதைவிட, வாசித்த புத்தகத்துக்கோ, முடித்த பயிற்சிக்கோ கொடுப்பது மேல். அஃதாவது அவன் கைக்கு எட்டக்கூடிய காரியம். அதுவும் விரைவில் நிறுத்தப்பட வேண்டும்.

பொதுப் பரிசுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலேசியாவில் ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிக்கப்படும் வரையில், எல்லாப் பாடத்திலும் 'ஏ' பெற்றவரை மேடையேற்றிப் பண உறை வழங்கும் வழக்கம் நம்மவரிடையே இருந்தது. கீழே அமர்ந்து கைதட்டிய மற்றப் பிள்ளைகளின் முகத்தை நோக்கினவர் எத்தனை பேர்? சிங்கப்பூரில் 1993இல் தொடங்கிய எடுசேவ் திட்டம், மதிப்பெண்ணில் முந்தியவர்க்கு மட்டுமன்றி, முன்னேற்றம் காட்டியவர்க்கும் பரிசளிப்பது பாராட்டத்தக்கது. 2012 முதல் நற்குணத்துக்கும் பணப் பரிசு உண்டு. அதனைப் பற்றி நமக்குத் தயக்கமே. காசு பெற்ற குணத்தைப் பிள்ளை எவ்விதம் எண்ணிப்பார்க்கும் என்று கேட்காமலிருக்க முடியவில்லை.

இனி, பணம் கொடுப்பது முற்றிலும் சரியான ஓரிடமும் உண்டு. வறுமை பள்ளிக்கூட வாசலை அடைத்து நிற்கும் இடம் அது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டுமென்று விதித்தது. பள்ளிக்கூடம் வந்தும் பிள்ளைகள் பலர் களை பிடுங்கப் போனார்கள். அவர்கள் கொண்டுவந்த சில காசுகள் குடும்பத்துக்குத் தேவைப்பட்டன. மெக்சிகோ அரசாங்கம் 1997இல் 'புரோகிரெசா' என்னும் திட்டத்தின்கீழ், பிள்ளையைத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பும் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுத்தது. உயர்வகுப்புப் பெண்பிள்ளைக்குச் சற்று அதிகமாகவே கொடுத்தது. பள்ளியிற் சேர்வோர் தொகையும் உயர்ந்தது. அங்கே பணம் பிள்ளையின் மனத்தை விலைக்கு வாங்கவில்லை. இழந்த கூலியை ஈடுசெய்தது. இவ்வேறுபாட்டை அறியாமல், ஏழைக்கு உதவித்தொகை கொடுப்பதையும் 'காசுக்குப் படிப்பு' என்று ஏளனம் செய்வோர் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

விலை கூறும் தந்தையரில் பலர் நேரமில்லாதவர்கள் என்பதையும் மறக்கலாகாது. விடியுமுன் ஜொகூரிலிருந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, பிள்ளை உறங்கியபின் வீடு திரும்புபவரிடம், "அருகில் அமர்ந்து சொல்லிக்கொடும்" என்பது எளிது. தம்மால் கொடுக்க இயன்றதை அவர் கொடுக்கிறார். அது வெள்ளியாக இருக்கிறது. அவர் விடுமுறை நாளில் அரைமணி நேரம் பிள்ளையை அழைத்து, அவ்வாரம் எழுதிய கட்டுரையொன்றை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். புரியாத இடத்தில், "இது என்ன, எனக்கு விளங்கவில்லையே" என்று கேட்கலாம். பிள்ளை விளக்கத் தொடங்கும்.