சோதனை

‘சோதனை’ என்ற சொல் இல்லாமல் எனக்கு ஒரு நாள் ஓடாது. பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டுகளைச் சூட்டிலும் குளிரிலும் வைத்து, எது தாங்குகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. என் பாட்டிக்கும் இந்தச் சொல் பழக்கம். “என்னடா சாமி இந்தச் சோதனை” என்பார். இரண்டும் ஒரே சொல்தானா என்ற கேள்வி, போன மாதம் கேமரன் மலையில், விடியற்காலை மூன்றேகால் மணிக்கு வந்தது.

நவம்பரில் தங்கச்சி நேப்பாளம் போகிறாள். அன்னபூர்ணா அடிவார முகாம், 4,130 மீட்டர். வழியில் விடுதிகளில் கட்டிலும் போர்வையும் கிடைக்கும். அறையில் ஹீட்டரை எதிர்பார்க்க முடியாது. அவளுக்காக 900 கிராமில் ஒரு ஸ்லீப்பிங் பேக் வாங்கினேன். உள்ளே வாத்து இறகு இல்லை, பாலியஸ்டர் இழை. ஈரம் பட்டால் இறகு அமுங்கிவிடும், இழை ஓரளவு தாக்குப்பிடிக்கும். விலையும் குறைவு. “நீ படுத்துப் பாத்துட்டுச் சொல்லுண்ணே. நீ ஓகேன்னா நான் தூக்கிட்டுப் போறேன்” என்றாள்.

பையின் மேல் பெரிய எழுத்தில் 5 டிகிரி என்று இருந்தது. சின்ன எழுத்தில் 10. ஐ.எஸ்.ஓ. 23537 தரநிலைப்படி, சூடேற்றிய பொம்மை ஒன்றைப் பைக்குள் படுக்கவைத்து அளந்து கணக்கிடும் எண்கள் இவை. சின்ன எழுத்தில் இருப்பது, சராசரிப் பெண் ஒருத்தி நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர். பெரிய எழுத்தில் இருப்பது, சராசரி ஆண் உடம்பைக் குறுக்கிக்கொண்டு சமாளிக்கக்கூடியது. பொம்மைக்கு உடுப்பு உண்டு, அடியில் பாயும் உண்டு. நடந்து களைத்த கால் கிடையாது.

அன்றிரவு வெப்பமானி 14 காட்டியது. கணக்குப்படி எனக்குக் குளிரவே கூடாது. ஆனால் இடுப்பும் தோளும் விறைத்துப்போயின. பை சூட்டை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே சிக்கிய காற்று நம் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். எடையில் அடிப்பக்கம் நசுங்கிவிட்டால் அந்தக் காற்றும் போச்சு. நான் கொண்டுபோன பாய் மெல்லியது. மண் என் சூட்டை இழுத்துக்கொண்டிருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். முப்பதடி தள்ளி என் கார். சாவி கால்சட்டைப் பையில். அதைத் தொட்டுப் பார்த்ததும் குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி படுத்துக்கொண்டேன்.

பாட்டி இதே மலையில் கொழுந்து பறித்தவர். லயத்து வீட்டில் கோணிச் சாக்கை விரித்து, நாலு பிள்ளைகளோடு ஒரே கம்பளியில் படுப்பாராம். “ரொம்பக் குளிருமா பாட்டி?” என்று ஒருமுறை கேட்டேன். “குளிருனா குளிருதான். விடிஞ்சா பெரட்டுக்கு நிக்கணும்” என்று பேச்சை முடித்துவிட்டார். அவர் கூரைமேலும் வெப்பமானி அதே 14ஐக் காட்டியிருக்கலாம். அதற்காக, அவர் பட்டதை நானும் பட்டேன் என்று சொல்ல முடியுமா? எனக்கு வேண்டாம் என்றால் நிறுத்திவிடலாம். அவருக்குச் சாவி இல்லை.

அப்படியானால் என் சோதனை வெறும் பாவனையா? அதுவும் இல்லை. பாய்தான் கோளாறு என்று வேறு எப்படித் தெரிந்திருக்கும்? நாங்களும் போர்டுகளைப் பாலைவனத்துக்கு அனுப்பிச் சோதிப்பதில்லை, பெட்டிக்குள் வைத்துத்தான். ஆனால் எந்த நிலைமையில் சோதித்தோம் என்று எழுதாமல் ‘பாஸ்’ என்று மட்டும் போட்டால் அது ஏமாற்று. தாங்கப்போவது இன்னொருவர் உடம்பு என்றால் ஏமாற்று இன்னும் பெரிது. என் எடை 78 கிலோ, தங்கச்சி 49.

விடிந்ததும் அவளுக்கு ‘தாங்கும்’ என்று டைப் செய்தேன். அழித்தேன். பிறகு எழுதினேன்:

“14 டிகிரி. பாய் மெல்லிசு. மூணேகாலுக்கு முழிச்சிட்டேன். அங்க மெத்தை இருக்கும், அது உனக்கு நல்லது. ஆனா குளிர் பூஜ்யத்துக்குக் கீழ போகும். போர்வை இல்லாம இந்தப் பைய மட்டும் நம்பாத. என் கார் பக்கத்துலயே நின்னுச்சு, சாவி என்கிட்ட இருந்துச்சு. அதையும் சேத்துக்க.”

“கார் எதுக்குண்ணே இதுல?” என்று பதில் வந்தது.

நேரில் சொல்கிறேன் என்றேன்.