யானைப் படமும் பிள்ளை மனமும்

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய் வந்த சிறுவன், அங்கே கோயில் யானையைப் பார்த்துவிட்டான். மறுநாள் பள்ளியில் ஆசிரியை சொல்லித் தந்தபடி பெரிய வட்டம், சின்ன வட்டம், தும்பிக்கை, நான்கு கால் என்று யானை வரைந்து, அத்தாவிடம் காட்ட ஓடி வருகிறான். அதைக் கிழித்தெறிவதா, தட்டிக் கொடுப்பதா?

ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் உயிரினங்களை வரைவது ஹராம் என்றார்கள். மாலிக்கி மத்ஹபினர் பலர் நிழல் விழாத படத்தில் அத்தனை கடுமை காட்டவில்லை. ஓவியத்தால் பிழைத்த ஒருவரிடம், மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டினார்கள். பேணுதலை நாடுவோர் காவிரிக்கரைத் தென்னையையும் தோணியையும் வரையப் பிள்ளையைப் பழக்கலாம்.

ஆனால் எப்படிப் பழக்குவது? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளிடையே சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்தது. குதிரைக்குச் சிறகா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இருந்ததே என்று அன்னையார் சொல்ல, நாயகம் சிரித்துவிட்டார்கள் என அபூதாவூதில் காண்கிறோம்.

பருவமடையாத பிள்ளை மீது பாவம் எழுதப்படுவதில்லை. எழுதப்படாத பாவத்துக்கு நாம் தண்டனை கொடுக்கலாமா? படத்தைக் கிழித்தால் பிள்ளை கற்பது மார்க்கத்தையல்ல, நம் கோபத்தை. "இந்த யானையைப் படைத்தது யார், கண்ணு?" என்று கேட்போம். விடை பிள்ளையின் வாயிலிருந்தே வரட்டும்.