சபுரும் சிருஷ்டியும்

துன்பம் வந்த காலத்தில் கவி கட்டுவதும் கதை எழுதுவதும் இறைவனின் நாட்டத்தைப் பொருந்திக்கொள்ளாத மனத்தின் முணுமுணுப்பா, அன்றி அவனிடமே செய்யும் முறையீடா என்ற விசாரம் எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் வெறும் ஏட்டு விசாரம் அன்று. சவளக்கடையிலிருந்து கிட்டங்கியைத் தாண்டி, கல்முனை வழியாக ஒலுவிலுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளை, வீட்டில் ஒரு மௌத்து நிகழ்ந்தபின் நாலு வரி எழுத அமர்ந்தால், "சபுர் செய்ங்க மகன், எழுதி என்னத்துக்கு?" என்று பொறுமையை வலியுறுத்திக் கேட்கும் பெரியவர்கள் இங்கு உண்டு.

அந்தப் பிள்ளை படிக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ துன்பத்தின் வயிற்றிலேயே பிறந்தது. யுத்தத்தால் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர இயலாத மாணவர்களைக் கருதி 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டே முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த அதற்கு முன்னின்று உழைத்த எம். எச். எம். அஷ்ரப், அமைச்சர் மட்டுமல்லர், கவிஞரும் ஆவார். பத்தாண்டு நிறையுமுன் 2004இல் கடல் ஏறிவந்து இக்கரை ஊர்களைச் சூறையாடியது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் பல்கலைக்கழக வாயில்கள் அடைபட்டன. அவ்வாண்டு ஏப்ரல் முதல் மறு பெப்ரவரி வரை, தொற்றில் இறந்தோரை எரித்தே தீரவேண்டும் என்ற சட்டம், ஜனாஸாவைக் கபனிட்டு மண்ணிடம் ஒப்படைக்கும் கடமையையே நம் கையிலிருந்து பறித்தது. அப்போது பொரளை கனத்தை மயானத்து வேலியில் மக்கள் கட்டிய வெள்ளைத் துணித் துண்டுகளைச் சபுரற்ற செயலென்று எந்த ஆலிம் சொல்லத் துணிவார்?

திருமறையின் 26ஆம் அத்தியாயம் கவிஞர்களின் பெயரையே தாங்கி, சொல்வதைச் செய்யாத கவிஞரைக் கண்டித்தாலும், ஈமானும் நற்செயலும் உடையோருக்கு விலக்களிக்கிறது. மகனைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் துக்கத்தால் வெளுத்தன. ஆயினும் தம் முறையீட்டை இறைவனிடமே வைத்த அவரது பொறுமையை வேதம் அழகியதென்றே கூறுகிறது.

பல்கலைக்கழகத்தாருக்கு இன்னும் நெருங்கிய சாட்சி இமாம் கஸ்ஸாலி. 1091இல் பக்தாத் நிஸாமிய்யா மத்ரஸாவின் தலைமை ஆசிரியராகி, முந்நூறு மாணவர்க்குப் போதித்து, கீர்த்தியின் சிகரத்தில் இருந்த அவருக்கு, 1095இல், தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா புகழுக்காகவா என்ற ஐயம் முற்றிய வேளையில் நா எழவில்லை. உண்ட சோறும் செரிக்கவில்லை. நோயின் மூலம் உள்ளத்தில் இருக்கிறது, எமது சிகிச்சைக்கு அகப்படாது என்று வைத்தியர்கள் கைவிட்டனர். பதவியைத் துறந்து ஷாமுக்கும் ஹிஜாஸுக்கும் அலைந்த ஆண்டுகளில்தான் 'இஹ்யா உலூமித்தீன்' என்ற அவரது நூல் உருவாகியது. இசை கேட்பதன் ஆகுமையை ஆராயவும் அதில் ஒரு பாகத்தை முழுதாக ஒதுக்கினார். சுகப்படுவதற்காக அவர் அந்நூலை எழுதவில்லை. மெய்யைத் தேடி எழுதினார், சுகம் பின்னே வந்தது.

ஆகவே, கவிதையையும் சித்திரத்தையும் வேளைக்கு இவ்வளவென்று மாணவர்க்கு மருந்தாய்ப் பகிர்ந்து, பின்பு மனம் எவ்வளவு தேறியது என்று அளக்க முற்படுவோரின் நல்லெண்ணத்தை நான் மதித்தாலும், அம்முறைக்கு என் மனம் ஒப்புவதில்லை. எழுதியதைப் பொறுமையாய் வாசித்து, சொல் பிழைத்த இடத்தில் பிழை என்றும், உண்மை இருக்கும் இடத்தில் உண்மை என்றும் சொல்ல ஓர் ஆசிரியர் எதிரே அமர்ந்தால் போதும். கஸ்ஸாலியும் தனிமையிலேயே தங்கிவிடவில்லை. 1106இல் நிஷாப்பூரில் மீண்டும் மாணவர் முன் வந்து அமர்ந்தார்.