நாளுக்கொரு நாடகம்

புதுவை நகரின் வடபால், கருவடிக்குப்பத்தில், தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இருக்கிறது. தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் 1867ஆம் ஆண்டு பிறந்த அவர், 1922 நவம்பர் 13 அன்று நமது புதுவையில் கண் மூடினார். தமிழ் நாடக உலகம் அவரைத் தலைமையாசிரியர் என்று போற்றுகிறது. நமக்கும் அவர் அந்நியர் அல்லர். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் கைகளை இழந்து, தேவமாதாவின் அருளால் அவற்றை மீண்டும் பெற்ற ஞானசௌந்தரியின் கதையை, நம் மூதாதையர் அம்மானையாகவும் கூத்தாகவும் கேட்டு உருகினர். அதை நாடக மேடைக்குரியதாக ஆக்கித் தந்தவர்களுள் சுவாமிகளும் ஒருவர்.

அவரைப் பற்றிய ஒரு செய்தி என்னை நெடுநாளாக வியப்பில் ஆழ்த்தி வந்தது. 1918இல் மதுரையில் அவர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தினார். அங்குச் சேர்ந்த சிறுவன் தி. க. சண்முகம் நடிப்பதற்காக, 'அபிமன்யு சுந்தரி' என்னும் நாடகத்தை ஒரே இரவில், பொழுது புலர்வதற்குள் எழுதி முடித்தாராம். இத்தகைய வேகம் பிற நாடுகளிலும் உண்டு. நம் ஊரில் பிரெஞ்சு பயின்றோர் நன்கறிந்த மொலியேர், 1665இல் அரசனின் விருப்பத்திற்கிணங்கி ஒரு நாடகத்தை ஐந்தே நாளில் எழுதி, ஒத்திகை பார்த்து, மேடையேற்றினார். நம் காலத்தில், அமெரிக்க நாடக ஆசிரியை சூசன்-லோரி பார்க்ஸ் ஓர் ஆண்டு முழுவதும் நாளுக்கொரு நாடகம் எழுதுவதென்று உறுதி பூண்டு, 365 நாளும் எழுதினார். அவர் எழுதத் தொடங்கிய நாள் 2002 நவம்பர் 13. சுவாமிகள் மறைந்து எண்பது ஆண்டுகள் நிறைந்த அதே நாள்! அம்முயற்சியை அவர் ஓர் அன்றாடச் செபம் போலவே கருதினார் என்பது, திருப்புகழ்மாலையைக் கையில் ஏந்தும் எங்களைப் போன்றோரின் நெஞ்சைத் தொடுகிறது.

இதை நான் எழுதக் காரணம் வேறு. பிப்ரவரி மாதத்தின் 28 நாளும் நாளுக்கொரு நாடகம் எழுதும் அறைகூவல் ஒன்று மேலை நாடுகளில் வழங்கி வருகிறது. எங்கள் பங்கின் இளையோர் குழுவைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருத்தி, சென்ற ஆண்டு அதைக் கேள்வியுற்று, "நாமும் எழுதுவோமே, ஃபாதர்" என்றாள். விழா நாடகங்கள் சில எழுதிப் பழகியவன் என்பதால் நானும் இசைந்தேன். இரண்டு பக்கம் போதும். ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாது. இதுவே எங்கள் விதி.

முதல் வாரம் எளிதாகக் கழிந்தது. தெருக் குழாயடியில் காத்திருக்கும் இருவர், எரிந்து தீர்ந்த மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேர்த்து வைக்கும் கோவில்பிள்ளை, மழையில் நனைந்த தபால்காரர் எனப் பலரும் தாமாகவே வந்து பேசினர். ஒன்பதாம் நாள் ஊற்று வற்றியது. அன்று எழுதியது மிகவும் மோசமான நாடகம். ஆயினும் அந்தத் தோல்வி எனக்கு நன்மையே செய்தது. ஐம்பது வயதைக் கடந்த ஒருவன், தன் திறமையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தை இரண்டு பக்கத்தில் இழப்பது நல்ல ஒறுத்தல் முயற்சி அன்றோ? பாலைநிலத்தில் இஸ்ரயேல் மக்கள் மன்னாவை அந்தந்த நாளுக்கு வேண்டிய அளவே சேகரித்தனர். அதுபோல், இன்றைக்குக் கிடைத்ததை இன்று எழுதுவோம், நாளைக்கு இறைவன் இருக்கிறார் என்னும் மனநிலை மெல்ல மெல்ல வாய்த்தது. நிறைவானதைச் செய்வேன் என்று காத்திருந்து ஒன்றுமே செய்யாதிருப்பதும் ஒருவகைச் செருக்கே என்பதை உணர்ந்தேன்.

பதினாறாம் நாள் மாலை, மூதாட்டி ஒருவர் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஒப்புரவு அருட்சாதனத்திற்காக அல்ல. மனப்பாரத்தை இறக்கி வைப்பதற்காக. அவர் யார், அவருடைய துயரம் யாது என்பதை இங்கு எழுத மாட்டேன். எழுதினால் இந்தக் கட்டுரையே பொய்யாகிவிடும். பேச்சின் நடுவே, தம் வீட்டிலுள்ள ஒரு சிறு பொருளைப் பற்றிச் சொன்னார். அக்கணமே என் உள்ளத்தில் திரை விலகியது. அந்தப் பொருளை மேடையின் நடுவே வைத்தேன். யார் எங்கே நிற்பது, எந்தச் சொல்லில் விளக்கை அணைப்பது என்பதையெல்லாம் வகுத்துவிட்டேன். என் தலை அசைந்துகொண்டுதான் இருந்தது. முகத்தில் பரிவும் இருந்தது. ஆனால் நான் அங்கில்லை.

"சாமி, நான் பேசுறது கேக்குதா?" என்றார் அவர்.

கேட்கவில்லை. அவர் என்னிடம் ஏதோ வினவியிருக்கிறார். நான் வசனம் எழுதிக்கொண்டிருந்தேன். பொதுவான ஆறுதல் மொழி ஒன்றைச் சொல்லி, ஆசீர் அளித்து அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு தாளை எடுத்தேன். இருபத்தெட்டில் தலைசிறந்ததாக விளங்கியிருக்கக்கூடிய நாடகம் ஒரு சொல் குறையாமல் மனத்தில் நின்றது. பெயரை மாற்றலாம், ஊரை மாற்றலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனம் வாதாடியது. பேனாவை மூடி வைத்தேன். அந்தத் தாளில் தேதி மட்டுமே இருக்கிறது.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாசைப் படித்தபோது, கலைக்கும் விவேகத்திற்கும் இடையே அவர் காட்டும் வேறுபாட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். கலை, செய்யப்படும் பொருள் நன்றாக அமைவதை நோக்குகிறது; விவேகமோ, செய்கின்ற மனிதன் நன்றாக வாழ்வதை நோக்குகிறது. தச்சனின் நாற்காலி உறுதியாக இருந்தால் அவன் நல்ல தச்சன்; நல்ல மனிதனா என்பதை நாற்காலி சொல்லாது. அந்தப் பாடத்தின் பொருள் எனக்கு விளங்கியது அன்றிரவுதான். என் நாடகம் நன்றாக இருந்திருக்கும். நான் நன்றாக இருந்திருக்க மாட்டேன்.

'வாழ்க்கையிலிருந்து எடுக்காமல் எழுத்தாளன் எதைத்தான் எழுதுவான்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. எடுப்பது தவறன்று. ஆனால் பிறர் துயரம் நம் நெஞ்சில் இறங்கி, நம் துயரத்தோடு கலந்து, இன்னாருடையது என்னும் அடையாளம் கரைந்து, எல்லாருக்கும் உரியதாகக் கனிவதற்குக் காலம் வேண்டும். நாளுக்கொன்று என்னும் கணக்கு அந்தக் காலத்தைப் பறித்துவிடக்கூடும். சுவாமிகள் ஒரே இரவில் எழுதினார் என்றால், அன்று மாலை கேட்டதையா எழுதினார்? இளமை முதல் பயின்ற யாப்பும், ஆண்டுக்கணக்காகப் பாடியும் ஆடியும் பயிற்றுவித்தும் பெற்ற அனுபவமும், மக்கள் பன்னெடுங்காலமாகச் சொல்லிவந்த பாரதக் கதையும் அவருக்குள் ஊறிக் கிடந்தன. ஓர் இரவில் அவர் இறைத்தது, பல்லாண்டுகள் தோண்டிய கிணற்று நீர். நானோ அண்டை வீட்டுக் குடத்தைத் தூக்கப் பார்த்தேன்.

சுவாமிகள் வேடம் புனைவதைக் கைவிட்டதற்கு ஒரு காரணம் சொல்லப்படுகிறது. அவருடைய அச்சமூட்டும் வேடத்தைக் கண்டு கருவுற்ற பெண்ணொருத்தி பெருந்துன்பத்திற்கு ஆளானாள் என்றும், அதன்பின் அவர் அத்தகைய வேடங்களைத் தரிக்கவில்லை என்றும் கூறுவர். அந்த நடிப்பில் குறையேதும் இல்லை. அதன் நிறைவே ஓர் உயிரை வருத்திற்று. எனவே அதை விட்டார். ஒரே இரவில் நாடகம் எழுதும் ஆற்றலைவிட, இவ்வாறு விட்டுவிடும் ஆற்றலே எனக்கு இன்று பெரிதாகத் தோன்றுகிறது.

இது எழுதுவோருக்கு மட்டும் உரிய சோதனையன்று. ஞாயிறு மறையுரைக்கு எடுத்துக்காட்டுத் தேடும் குருவானவர், நண்பரின் துன்பத்தை அடுத்த வீட்டில் சுவைபடச் சொல்பவர், விபத்தில் வீழ்ந்தவரைத் தூக்குமுன் கைப்பேசியில் படம் பிடிப்பவர் ஆகிய நாம் அனைவருமே, கேட்பதற்கு முன் பயன்படுத்திவிடுகிறோம். நாளைக்கென்று பதுக்கிய மன்னா புழுத்ததாக மறைநூல் கூறுகிறது. பிறர் கண்ணீரை நம் தேவைக்காகப் பதுக்கி வைக்கும் உள்ளத்திற்கும் அதே கதிதான்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் அம்மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். "நேற்று நீங்கள் சொன்னதை நான் சரியாகக் கேட்கவில்லை, அம்மா. மறுபடியும் சொல்வீர்களா?" என்றேன். "தெரியும் சாமி. உங்க கண்ணு வேற எங்கேயோ இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒரு மணி நேரத்திற்கு மேல் பேசினார். முந்தைய நாள் வினவியதை மீண்டும் வினவினார். அதற்கு என்னிடம் விடை இல்லை, இல்லையென்றே சொன்னேன். அவர் என்னோடு பேசிய சொற்களுள் இங்கு நான் எழுதியிருக்கும் இரண்டும் அவருடைய இசைவு பெற்றவை.

எஞ்சிய பன்னிரண்டு நாளும் எழுதினேன். மாத இறுதியில் அம்மாணவி எண்ணிப் பார்த்து, "இருபத்தேழுதானே இருக்கிறது? தோற்றுவிட்டீர்கள், ஃபாதர்" என்றாள். ஆம் என்று ஒப்புக்கொண்டேன். விதி விதிதான். அவள் இருபத்தெட்டும் எழுதியிருந்தாள். அவற்றுள் இரண்டு உண்மையிலேயே நன்றாக இருந்தன. இந்த ஆண்டு பங்குத் திருவிழாவில் அவற்றை மேடையேற்ற எண்ணியுள்ளோம்.