பயணத் தடையும் பொறையுடைமையும்

பயணம் புறப்படுமுன் நாம் நாள் பார்க்கிறோம், கட்டுச்சோறு கட்டுகிறோம், சென்று முடிக்க வேண்டிய பணிகளை நேரம் குறித்து வரிசைப்படுத்துகிறோம். ஆயினும், வழியில் வண்டி நின்றுவிட்டால் என் செய்வது என்பதற்கு மட்டும் நம் உள்ளத்தில் ஆயத்தம் இருப்பதில்லை. அவ்வேளையில் எழும் சினம் எங்கிருந்து வருகிறது? அதனை வெல்வது எங்ஙனம்? எனக்கு நேர்ந்த ஒன்றைக் கொண்டு இதனைச் சிந்திக்க விரும்புகிறேன்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னும் விரைந்து அகலாமல் பெருமழை பொழிந்தது. புயல் கடந்துவிட்டதே என்னும் துணிவில் டிசம்பர் 1 இரவு திருச்சியிலிருந்து சென்னைக்கு இரயில் ஏறினேன். மறுநாள் நண்பகலுக்குள் ஓர் அலுவலகத்தில் ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களை நேரில் ஒப்படைக்க வேண்டும். அது மூன்று திங்கள் உழைப்பு.

விடியுமுன் வண்டி விழுப்புரத்தில் நின்றது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையிலுள்ள இரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவை எட்டிவிட்டது. தெற்கே அரசூர் அருகே நெடுஞ்சாலையிலும் வெள்ளம் புகுந்து போக்குவரத்து நின்றது. முன்னே செல்லவும் வழியில்லை, திரும்பவும் வழியில்லை.

விசாரணைச் சாளரத்தில் இருந்த இளைஞரிடம் சென்றேன். "என் வேலை கெட்டால் நீர் பொறுப்பேற்பீரா?" என்று பலர் முன்னிலையில் உரக்கக் கேட்டேன். இரவெல்லாம் உறங்காத கண்களுடன் அவர், "ஐயா, தண்ணீர் இறங்கினால்தான் வண்டியை விட முடியும்" என்றார். மீண்டும் கேட்டேன். குரல் உயர்த்தாமல் அதனையே மீண்டும் கூறினார்.

இருக்கைக்குத் திரும்பியபோது எதிரில் இருந்த அம்மையார் தம் பொட்டலத்தைப் பிரித்து, நான்கு இட்டலிகளில் இரண்டை என்னிடம் நீட்டினார். "வெங்காயம் சேர்க்காத பொடிதான், சாப்பிடுங்கள்" என்றார். அவர் எங்கே செல்கிறார் என்று வினவினேன். மகளுக்குப் பேறுகாலமாம், முந்தைய நாள் மாலையே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்களாம். என் ஆவணங்களைவிடப் பன்மடங்கு பெரிய கவலையைச் சுமந்தவர் பகிர்ந்துண்ண நினைத்தார்; நானோ சண்டையிட்டுத் திரும்பியிருந்தேன். அந்த இட்டலியை நாணத்துடனேயே உண்டேன்.

குரோதம், மானம், மாயை, லோபம் எனக் கஷாயங்கள் நான்கு என்று நாம் கற்றிருக்கிறோம். அன்று நான் குரோதம் என்று எண்ணியதன் அடியில் மானமே இருந்தது. என் பணி பெரிது, என் நேரம் பெரிது, நான் வகுத்த திட்டத்துக்கு ஆறும் மழையும் இணங்க வேண்டும் என்னும் செருக்கே அது. பொருள் இழப்பு வருத்தத்தைத் தரும், வருத்தம் இயல்பு. அவ்வருத்தத்தைப் பிறர்மேல் எறியச் செய்வது செருக்கு. அதனைத் தணித்தாலன்றிப் பொறுமை கைகூடாது.

நன்றியோ வேறொன்று. மழைக்கும் வெள்ளத்துக்கும் நன்றி கூற வேண்டுவதில்லை. எல்லாம் நன்மைக்கே என்று இழந்தவரிடம் கூறுவதும் அறமாகாது. நன்றி மனிதர்க்கு உரியது. 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு வண்டி, ஏறத்தாழ 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அப்பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. மேலே செல்லும் பாதையில் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துச் சென்றிருந்தது. வண்டி நிறுத்தப்படாதிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்? அருகிலுள்ள புதுக்குடி மக்கள் வெள்ளத்தின் நடுவே தம்மிடம் இருந்ததைச் சமைத்து, அறியாத அப்பயணிகளுக்கு உணவளித்தனர். நாம் தடை என்று வெறுப்பது பல வேளைகளில் யாரோ ஒருவர் விழித்திருந்து நமக்களித்த காவலாகும்.

நம் முனிவர்கள் மழைக்காலம் நான்கு திங்கள் ஓரிடத்தில் தங்குவது சாதுர்மாஸ்யம். ஈர மண்ணில் பல்கும் சிற்றுயிர்கள் தம் காலடியில் மாளலாகாது என்பதே அதன் நோக்கம். அவர்களுக்கு அத்தங்கல் இழப்பன்று. கற்பதற்கும் கற்பிப்பதற்கும் உரிய காலம். பிறவுயிரின் பொருட்டுத் தாமே நிற்கும் அவர்களை வணங்கும் நாம், நம் உயிரின் பொருட்டு நிறுத்தப்பட்டால் சீறுகிறோம்! பொறுமை துறவியர்க்கே இயலும் என்பாரும் உளர். திருக்குறளில் செய்ந்நன்றியறிதலும் பொறையுடைமையும் இல்லறவியலில் அமைந்திருப்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை இல்லறத்தார்க்கு உரிய கடமைகளே.

பொறுமை என்பது கைகட்டிச் சும்மா இருத்தலன்று. நமக்காகக் காத்திருப்பவர்க்கு உடனே செய்தி அனுப்புதல், மாற்று வழி உண்டா என்று அமைதியாக வினவுதல், அருகிலுள்ள முதியோர்க்கும் குழந்தைகட்கும் உதவுதல் ஆகியவை பொறுமையின் செயல்கள். நம்மிடம் வர வேண்டியவர் வழியில் தடைப்பட்டுக் காலந்தாழ்ந்து வந்தால், அவரைச் சினவாது வரவேற்பதும் அதனுள் அடங்கும். பொறுமையை நாம் கடைப்பிடிக்கலாமேயன்றி, ஒரு நாள் கூலியை இழந்து நிற்பவரிடம் அதனை உபதேசிக்கும் உரிமை நமக்கில்லை. அவர்க்கு வேண்டுவது நம் துணை.

அன்று நண்பகல் கடந்தது. ஒப்பந்தம் எனக்குக் கிடைக்கவில்லை. பின்னர் அதனினும் சிறந்த ஒன்று வந்ததென்று எழுதினால் கதை இனிமையாக முடியும். ஆனால் அவ்வாறு எதுவும் வரவில்லை. இழப்பு இழப்பாகவே இருக்கிறது. எனினும் அந்த அம்மையாரின் இரண்டு இட்டலிகளும், அந்த இளைஞரின் உயராத குரலும் என்னிடம் தங்கிவிட்டன.

மறு ஆண்டு தசலக்ஷண பர்வம் முடிந்து க்ஷமாவணி நாளன்று உற்றாரிடமும் சுற்றத்தாரிடமும் பிழை பொறுக்க வேண்டினேன். அவர்கள் அனைவரும் என்னைப் பொறுத்தனர். ஆனால் என்னால் மெய்யாகவே புண்பட்ட அந்த இளைஞரின் பெயரைக்கூட நான் கேட்டறியவில்லை. அவரை நினைத்து, விழுப்புரம் இருக்கும் திசை நோக்கிக் கைகூப்பினேன். அன்றே கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அது.