தேயாத காசு

பழம்பொற்காசுகளைச் சேர்ப்போரிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒரே அக்கசாலையில் அடித்த இரண்டு காசுகளுள், உருவும் எழுத்தும் மழுங்காமல் நேற்று அச்சிலிருந்து விழுந்தது போல் இருப்பதற்கே விலை மிகுதி. தேய்ந்தது கீழ்த்தரம். இம்மதிப்பீட்டில் அழகுணர்ச்சி உண்டு; அதனை மறுப்பாரில்லை. அறவுணர்ச்சியும் உண்டா என்பதே என் வினா. குண்டலுபேட்டையை நினைக்கும்போது இவ்வினா வந்து நிற்கின்றது.

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு வழியாக உதகைக்குச் செல்வோர் அவ்வூரைக் கடந்தே செல்வர். அங்குள்ள பரவாசுதேவர் கோயில், 1673 முதல் 1704 வரை மைசூரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் தம் தந்தையின் நினைவாக எழுப்பியது. அம்மன்னருக்கு ‘நவகோடி நாராயணன்’ என்றொரு பெயரும் வழங்கிற்று. ஒன்பது கோடி சேர்த்தவர் என்பது பொருள்.

அந்நாட்டில் அன்று வழங்கிய பொற்காசு கண்டீராயிப் பணம். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் அடிப்பித்தது. ஒரு பக்கம் நரசிங்கப்பெருமான். மறுபக்கம் அரசர் பெயர். எடையோ அரைக் கிராமுக்கும் குறைவு. சுண்டுவிரல் நகத்திலும் சிறியது. அத்துணைச் சிறிய பொன்னில் சிங்கமுகத்தை வெட்டிய கைத்திறனை எவ்வளவு வியந்தாலும் தகும். பணம் பத்துக்கொண்டது ஒரு வராகன். அது கணக்கில் மட்டுமே வழங்கியது. நாம் இன்று செல்வத்துக்கெல்லாம் பொதுப்பெயராகச் சொல்லும் ‘பணம்’, ஒரு காலத்தில் இத்தகைய சிறு காசின் பெயராகவே இருந்தது.

மைசூரில் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் 1810-இல் வெளியிடத் தொடங்கிய வரலாற்று நூலில் ஒரு செய்தி உண்டு. நாள்தோறும் ஆயிரம் வராகன் கொண்ட இரண்டு பைகள் கருவூலத்தில் சேரும்வரை சிக்க தேவராஜர் காலையுணவு கொள்ளமாட்டாராம். கண்டீராயிக் கணக்கில் அது 20,000 சிறு காசுகள்! அவ்வளவும் உழவன் களத்திலிருந்து வந்தது. வரிச்சுமை பொறாது குடிகள் கிளர்ந்தபோது, அவர்களைத் தூண்டினர் என்று ஜங்கமத் துறவியரை நஞ்சன்கூட்டுக்கு வரவழைத்துக் கொன்றனர் என்றும் அந்நூல் கூறுகின்றது. வில்க்ஸ் பிற்காலத்தவர், கேட்டு எழுதியவர். அவர் சொல் ஒவ்வொன்றையும் அப்படியே கொள்ள வேண்டுவதில்லை. அம்மன்னர் ஆட்சித்துறைகளை ஒழுங்குபடுத்தியவர், புலவரைப் புரந்தவர் என்பதும் மெய்யே. ஆயினும் உண்ணாநோன்பிருந்து நிரப்பிய கருவூலத்தில் கிடந்த காசு தேய்ந்திராது என்பது உறுதி.

தேய்ந்த காசின் கதை வேறு. அது சந்தைக்குச் சென்றது. நெல்லுக்கும் மாட்டுக்கும் கைமாறியது. மகளின் திருமணத்துக்காக முடிச்சிலிருந்து வெளிவந்தது. நரசிங்கத்தின் முகத்தை மழுக்கியவை அத்தனை விரல்கள். காசு எதற்காகப் பிறந்ததோ அதனைச் செய்து முடித்தது அதுவே. அதற்கா கீழ்த்தரம் என்று பெயர்?

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு; வலிய மறுப்பு. பூட்டி வைத்தவர்களும் புதைத்து வைத்தவர்களும் இல்லையேல் பழங்காசுகளுட் பல உலையில் உருகிப் போயிருக்கும். அரசர் பெயரும் எழுத்து வடிவும் நமக்கு எங்ஙனம் தெரியும்? உலோபியின் பானையே வரலாற்றாசிரியனின் ஏடு. இதனை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயன் விளைந்தது என்பதால் பூட்டியவர் நோக்கம் நன்றாகிவிடாது. தேயாத காசின் அழகைக் காண்பவர், அது ஏன் தேயவில்லை என்றும் ஒருகணம் கேட்டுக்கொள்ளலாம். கேட்டபின்னும் அழகு குறையாது. வியப்போடு சிறிது கூச்சமும் சேரும்.

ஊர்விட்டு ஊர்வந்த நம் குடும்பங்களில் பாட்டியின் காசொன்று எஞ்சியிருப்பது உண்டு. வளையம் பற்றவைத்து மாலையிற் கோத்தது, அடகுக்குப் போய் மீண்டது, விளிம்பு தேய்ந்தது. காசு சேர்ப்போர் முதலில் சுட்டும் குறை அந்தப் பற்றவைப்பே. தேயாத கண்டீராயியையும் அதனையும் ஒருங்கே வைத்து ஒன்றை எடுத்துக்கொள் என்றால், நான் பாட்டியின் காசையே எடுப்பேன். மற்றதை நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான்.