அம்மனுக்கு எதுக்குப்பா பெர்மிட்?

எங்கள் ஊர் மெர்லிமாவ். பட்டணத்திலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம் போனால், செம்பனைக்கு நடுவில் ஒரு பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிந்து சுண்டல் கொடுத்த பிறகு, அங்கே நிர்வாகக் கூட்டம் நடந்தது. கோயிலுக்குப் பின்னால் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த ஒரு கூடம் கட்ட வேண்டும் என்று இளைஞர் பகுதி சார்பில் நான்தான் பேசினேன். எல்லாருக்கும் சந்தோஷம். அந்தக் காலத்தில் பால்மரம் வெட்டிய தாத்தா ஒருவர், சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்த எட்டாயிரம் வெள்ளியை அங்கேயே தருவதாகச் சொல்லிவிட்டார். “அடுத்த மாசமே கல்லு மண்ண எறக்குங்கப்பா” என்றார்.

நான் பெர்மிட் பேச்சை எடுத்தேன். கூட்டம் அமைதியானது. தாத்தா சிரித்துக்கொண்டே கேட்டார்: “அம்மனுக்கு எதுக்குப்பா பெர்மிட்? எங்கப்பா காலத்துல தொரகிட்ட வாயால கேட்டாங்க, கட்டுனாங்க. பூசலார் யாருகிட்டப்பா பிளான் பாஸ் பண்ணாரு?”

எல்லாரும் சிரித்தார்கள். பூசலார் மனசுக்குள்ளே கட்டினார் தாத்தா, மனசுக்கு ஏது நகராண்மைக் கழகம் என்று நான் பதில் சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது தோன்றியது. எனக்கு எப்போதும் இப்படித்தான்.

ஆனால் அவர் கேட்டது விளையாட்டுக் கேள்வி இல்லை. தெய்வத்துக்குச் செய்யும் காரியத்துக்கு மனுஷரிடம் அனுமதி கேட்பது பக்தியில் குறையா? ஒரு காரியம் நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகும் முத்திரை குத்திய காகிதத்துக்காகக் காத்திருப்பது தர்மமா, வெறும் பயமா?

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆவது பிரிவு, எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் யாரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்கிறது. அதற்கு முன்னால் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி திட்ட அனுமதி வேண்டும். அதற்கும் முன்னால் நிலம். எங்கள் கோயில் நிலம் கோயில் பெயரில்தான் இருக்கிறது. பல தோட்டத்துக் கோயில்களுக்குக் கிடைக்காத பாக்கியம் அது. ஆனால் கிராண்டில் நிலத்தின் வகை ‘விவசாயம்’ என்று போட்டிருக்கிறது. அம்மன் எத்தனை வருஷமாக அங்கே குடியிருந்தாலும், காகிதத்தில் அது இன்னும் மரம் நடும் இடம்தான். அந்த நிபந்தனையை மாற்ற நில அலுவலகத்துக்கு மனு போட வேண்டும். பிறகு பிளான், தீயணைப்பு, வடிகால் என்று ஒவ்வொரு இலாகாவின் கருத்து. படிக்கும்போதே களைப்பு வருகிறதா? எங்களுக்கும் வந்தது.

இதில் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். பிளான் வரைபவர் நிலத்தின் சரிவை அளந்து பார்த்துவிட்டு, “கூரைத் தண்ணி எங்க போவும்?” என்று கேட்டார். நாங்கள் யாரும் அதை யோசிக்கவே இல்லை. போய்ப் பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மலாய்க்கார மக்சிக்கின் வீட்டுச் சமையல்கட்டுக்கு நேராகத்தான் தண்ணீர் இறங்கும். திருவிழாவுக்குத் திருவிழா எங்கள் வீட்டுப் பலகாரம் வாங்கிச் சாப்பிடும் அம்மா அவர். நாங்கள் நினைத்தபடி அடுத்த மாசமே கட்டியிருந்தால், முதல் பெரிய மழையில் அவர் அடுப்படியை நனைத்திருப்போம். பக்தியோடுதான் நனைத்திருப்போம்.

அன்றைக்குத்தான் பெர்மிட் என்பதை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். அந்தப் பாரத்தில் இருக்கும் கேள்விகளில் பாதி அரசாங்கத்தின் கேள்விகள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்மிடம் நேராகக் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள்.

இது நமக்குப் புதுசும் இல்லை. உங்கள் வீட்டில் பழைய கும்பாபிஷேகப் பத்திரிகை இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் நாள் நிகழ்ச்சியில் ‘அனுக்ஞை’ என்று இருக்கும். நாம் அதைத் தாண்டி அன்னதானம் எத்தனை மணிக்கு என்றுதான் பார்ப்போம். அனுக்ஞை என்றால் அனுமதி கேட்பது. இறைவனிடம் கேட்கிறோம், ஆசாரியரிடம் கேட்கிறோம், கூடியிருக்கும் அடியார்களிடமும் கேட்கிறோம். கோயில் வேலைக்கு மரம் வெட்டும் முன்னால், அதில் குடியிருக்கும் உயிர்களிடம் வேறு இடம் போகும்படி வேண்டிக்கொள்ளும் வழக்கத்தைச் சிற்ப நூல்கள் சொல்கின்றன. மரத்துப் பறவையிடம் கேட்கச் சொன்ன மரபு, வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லுமா?

தாத்தாவின் தலைமுறை தப்புச் செய்ததாக நான் சொல்லவில்லை. லயத்தில் இருந்தவர்கள் யாரிடம் போய் மனு கொடுப்பார்கள்? துரை தலையாட்டினால் அதுதான் பெர்மிட், கிராணி தலையாட்டினால் அதுதான் முத்திரை. கேட்கக்கூடிய இடத்தில் கேட்டார்கள். ஆனால் துரையின் வாக்கு, தோட்டம் கைமாறும்போது அவரோடு கப்பல் ஏறிவிட்டது. 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பித்த காலத்திலிருந்து எத்தனை கோயில்கள் ஒரே நாளில் ‘அத்துமீறல்’ ஆகிவிட்டன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். ஆளுக்கு ஒரு கதை வைத்திருப்பார்கள்.

மலாக்கா பட்டணத்துக்குப் போனால் இன்னொரு காட்சி. ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் நிற்கும் நிலம் 1781இல் டச்சு அரசாங்கம் மலாக்கா செட்டிகளின் தலைவருக்குக் கொடுத்தது. டச்சுக்காரன் போனான், வெள்ளைக்காரன் வந்தான், ஜப்பான்காரன் வந்து போனான், சுதந்திரம் வந்தது. பிள்ளையார் அதே இடத்தில், பள்ளிவாசலுக்கும் சீனக் கோயிலுக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய சக்தி என்பவர்களோடு நான் சண்டை போட மாட்டேன். காகிதமும் இருந்தது.

காகிதம் இல்லாத கதை நமக்குத் தெரியும். கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா வட்டாரத்தில் ஏறக்குறைய 130 வருஷமாக இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயத்தின் நிலம் 2014இல் மாநகராட்சியிடமிருந்து ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2025 மார்ச்சில் ஆலயம் பக்கத்து இடத்துக்கு மாற ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. 2018 நவம்பரில் சீஃபீல்டு கோயில் தகராறின்போது காயப்பட்ட தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தே போனார். நியாயம் யார் பக்கம் என்று எத்தனை மணி நேரமும் பேசலாம். பேசியும் இருக்கிறோம். நிலத்துக்கு ஒரு பத்திரம் இருந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமிருந்திருக்காது.

எங்கள் இளைஞர் பகுதியில் நன்றாகப் படித்த தம்பி ஒருவன் மாணிக்கவாசகரைக் கொண்டுவந்தான். பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை ராஜாவிடம் கேட்காமல் திருப்பெருந்துறைத் திருப்பணிக்குத்தானே செலவழித்தார், அவர் செய்தது தப்பா அண்ணே என்றான். இரண்டு நாள் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சொன்னேன்: அவர் மீறினார், சரி. தண்டனையை யார் வாங்கினார்? சுடுமணலில் நின்றது அவரேதான். நாம் இன்றைக்குப் பெர்மிட் இல்லாமல் கட்டினால் மணலில் நிற்கப்போவது நாமா? இருபது வருஷம் கழித்து புல்டோசருக்கு முன்னால் படுக்க வேண்டியவன் இன்னும் பிறக்கவே இல்லை. அவனைக் கேட்காமல் அவன் பெயரில் கடன் வாங்குவதை எப்படித் தியாகம் என்று சொல்வது?

அவன் ஒப்புக்கொண்டான். தாத்தா ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும், “படிச்ச புள்ளைங்க சொல்றீங்க, செய்யுங்க” என்று பணத்தைக் கொடுத்துவிட்டார்.

மனு போட்டுப் பதினான்கு மாசம் ஆகிறது. ஒரு அலுவலகத்தில் எங்கள் கோப்பு மேசையிலேயே நான்கு மாசம் இருந்தது. அதிகாரி மாறிவிட்டார் என்றார்கள். காத்திருப்பது தர்மம் என்று எழுதுவது சுலபம், அந்த முகப்பில் எண்ணை வாங்கிக்கொண்டு மூன்றாவது தடவை உட்காரும்போது அது அவ்வளவு சுலபமாக இல்லை. சமய அமைப்புகள் சொத்து வைத்துக்கொள்ளலாம், ‘சட்டத்துக்கு உட்பட்டு’ என்று அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு சொல்கிறது. உட்பட்டு நடப்பவனை இவ்வளவு நாள் இழுத்தடித்தால், அடுத்தவன் எப்படி உட்படுவான்? இதையும் நாம் சத்தமாகக் கேட்க வேண்டும், நம் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்க வேண்டும். திருவிழாவுக்கு மாலை போட மட்டும் கூப்பிட்டால் போதாது.

போன தைப்பூசத்துக்குப் பிறகு தாத்தா தவறிவிட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது, “பேப்பரு வந்துருச்சா தம்பி?” என்று கேட்டார். இல்லை தாத்தா என்றேன். என் பேச்சைக் கேட்காமல் அந்த மாசமே கட்டியிருந்தால், கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பிள்ளைகள் படிப்பதைப் பார்த்திருப்பார். மக்சிக்கின் அடுப்படிக்குத் தண்ணீர் போயிருக்கும். இந்த இரண்டையும் நான் இன்னும் ஒரே தராசில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவருடைய பேத்தி இந்த வருஷம் எஸ்.பி.எம். எழுதுகிறாள். மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துதான் படிக்கிறாள், மழைச் சாரல் அடித்தால் எல்லாரும் தூணுக்கு இந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறார்கள். போன வாரம் அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதம் வந்தது. கார் நிறுத்த எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பூஜைக்குப் பிறகு அளக்கப் போகிறோம். டேப்பு ஒன்றுதான் இருக்கிறது, வருகிறவர்கள் இன்னொன்று கொண்டு வாருங்கள்.